மறு: ‘நீர்த்த கலவை’ வேண்டாம் – ஃபிளெக்ஸ் வண்டிகளுக்குக் கலப்பு, கலவை, பதம், ஈடு

அன்புள்ள குழும நண்பர்களுக்கு,

வணக்கம். ஃபிளெக்ஸ் வண்டிகளில் (பெட்ரோலும் எத்தனாலும் எந்த அளவில் கலந்து ஊற்றினாலும் ஓடுபவை) கோளாறு பார்ப்பதற்கான நம் குழுமச் சொற்பட்டியலை நான்கு நாளாக வாசித்துக்கொண்டிருக்கிறேன். பெரும்பாலும் நன்றாக வந்திருக்கிறது. ஓர் இடத்தில் மட்டும் மனசு ஒப்பவில்லை:

> லீன் மிக்சர் – நீர்த்த கலவை
> ரிச் மிக்சர் – செறிந்த கலவை

காற்று கூடி எரிபொருள் குறைந்தால் லீன், எரிபொருள் கூடினால் ரிச். இரண்டாவது இருக்கட்டும். முதலாவதைத் தயவுசெய்து எடுத்துவிடுங்கள்.

மதுரை புதூர்ப் பக்கம் எங்கள் பட்டறையில் தொழில் பழகும் பையன்களுக்காகத் தமிழில் ஒரு கையேடு எழுதி ஜெராக்ஸ் போட்டு வைத்திருக்கிறேன். அதில் நானும் ‘நீர்த்த கலவை’ என்றுதான் எழுதியிருந்தேன். பள்ளியில் ‘நீர்த்த அமிலம்’ என்று படித்த பழக்கம். போன ஐப்பசி மழையில் ஒரு கார் வந்தது. ஐடிலில் திக்குகிறது, சிக்னலில் நின்றால் அணைந்துவிடுகிறது. ஸ்கேனர் மாட்டினால் பி0171, அதாவது ‘கலவை லீன்’ என்று சொல்லும் கோளாறு எண். பையன் கையேட்டைப் புரட்டினான், அந்த எண்ணுக்கு நேரே ‘நீர்த்த கலவை’. வெளியே மழை வேறு. டேங்கில் தண்ணீர் இறங்கிவிட்டது என்று முடிவுகட்டி, டேங்கைக் கழற்றி, இருந்த பெட்ரோல் முழுவதையும் கேனில் பிடித்துவிட்டான். நான் போய்ச் சேர்ந்தபோது வெள்ளைப் பாட்டிலில் கொஞ்சம் எடுத்து டியூப்லைட்டுக்கு நேரே தூக்கிப் பிடித்திருந்தான். “தண்ணி எங்கண்ணே, அடியில ஒண்ணும் நிக்கலயே” என்றான்.

தண்ணீர் எங்கும் இல்லை. ஏர் ஃபில்டர் பெட்டிக்கும் திராட்டிலுக்கும் நடுவில் உள்ள ரப்பர் குழாயின் மடிப்பில் இரண்டு விரல் நீளத்துக்கு விரிசல். மேலோட்டமாகப் பார்த்தால் தெரியாது, மடிப்பை விரித்தால்தான் வாய் திறக்கும். உள்ளே போகும் காற்றை அளக்கும் அளவுமானியைத் தாண்டி அந்த வழியாகக் காற்று உள்ளே போய்க்கொண்டிருந்தது. அன்று ராத்திரியே கையேட்டில் அந்த வரியை அடித்தேன். ஒரு பையனின் அரை நாள் வீணானது என் சொல்லால்.

சாதாரண பெட்ரோல் வண்டிக்கே இந்த நிலை என்றால், எத்தனாலில் ஓடும் வண்டியில் ஆபத்து இன்னும் அதிகம். எத்தனால் தண்ணீரை இழுத்துக்கொள்ளும். அளவு மீறினால் தண்ணீரும் எத்தனாலும் சேர்ந்து அடியில் தனியாகப் படிந்துவிடும், பெட்ரோல் மேலே நிற்கும். பம்ப் உறிஞ்சுவது அடியிலிருந்து. ஆகவே ‘நீர்’ என்ற எழுத்து ஒரு கோளாறுப் பெயரில் வந்தால், அங்கே உண்மையிலேயே தண்ணீர் இருக்க வேண்டும். இன்னொன்றும் உண்டு. எரிபொருளில் எத்தனால் எவ்வளவு என்று பார்க்கும் உணரி, அதன் மின் இயல்பைத்தான் அளக்கிறது. மின்கடத்தாப் பொருள் மாறிலி பெட்ரோலுக்குச் சுமார் 2, எத்தனாலுக்குச் சுமார் 24, தண்ணீருக்கோ 80 அளவில். தண்ணீர் கலந்தால் அந்த உணரி ‘எத்தனால் அதிகம்’ என்று நினைத்து இன்னும் கூடுதலாகப் பீய்ச்ச வைக்கவும் வாய்ப்பு உண்டு. நீர் சேர்ந்ததால் வரும் கோளாறு, ‘நீர்த்த கலவை’க்கு நேர் எதிரான கோளாறாக வந்து நிற்கும். பையன் என்ன பாடுபடுவான், யோசித்துப் பாருங்கள்.

சரி, மாற்று என்ன? ‘மெலிகலவை’, ‘செறிகலவை’. இரண்டும் வினைத்தொகை, ஊறுகாய், சுடுசோறு மாதிரி. மெலிந்த, மெலிகின்ற, மெலியும் என மூன்று காலமும் அதற்குள்ளே அடங்கும். வண்டி ஓட ஓடக் கலவை மாறிக்கொண்டே இருப்பதால் இது பொருத்தமாகவும் இருக்கிறது. ‘கலவை மெலிஞ்சிருச்சு’ என்று பட்டறையில் வாயாலும் சொல்லலாம். சொல்லிப் பார்த்தாயிற்று, பையன்கள் இரண்டே நாளில் பிடித்துக்கொண்டார்கள்.

அடுத்தது, பட்டியலில் ‘பிளெண்ட்’, ‘மிக்சர்’ இரண்டுக்குமே ‘கலவை’ என்று போட்டிருக்கிறது. இதை நான் விடவே மாட்டேன். ஃபிளெக்ஸ் வண்டியில் இரண்டு சேர்க்கைகள் நடக்கின்றன. பெட்ரோல் பங்க்கிலோ டேங்கிலோ பெட்ரோலும் எத்தனாலும் சேர்வது ஒன்று. இன்ஜினுக்குள் அந்த எரிபொருளும் காற்றும் சேர்வது இன்னொன்று. முதலாவதைக் ‘கலப்பு’ என்றும் இரண்டாவதைக் ‘கலவை’ என்றும் பிரித்து வைப்போம். ‘கலப்பு என்றால் கலப்படம் போல ஒலிக்கிறதே’ என்று கோவை நண்பர் கேட்டிருந்தார். ஐயா, கலப்பு உரம், கலப்புத் திருமணம் என்றெல்லாம் நல்ல அர்த்தத்தில்தானே புழங்குகிறது? இ20 என்பது 20 விழுக்காடு எத்தனால் கலப்பு. அப்படிச் சொன்னால் யாருக்கும் உறுத்தாது.

இந்தப் பிரிவினை வெறும் சொல் அழகுக்காக இல்லை. பிரேசிலில் 2003இல் ஃபோக்ஸ்வேகன் கோல் வந்ததிலிருந்து ஓடும் ஃபிளெக்ஸ் வண்டிகளில் பலவற்றுக்கு எத்தனால் உணரியே கிடையாது. டேங்கில் அளவு ஏறியதைக் கண்டதும், புகைக்குழாயில் உள்ள ஆக்சிஜன் உணரி சொல்வதை வைத்துக் கம்ப்யூட்டரே கலப்பைக் கணக்குப் போட்டுக்கொள்கிறது. அந்த நேரத்தில் எங்கள் காருக்கு இருந்தது போல ஒரு விரிசல் இருந்தால்? கூடுதல் காற்றால் கலவை மெலிகிறது. கம்ப்யூட்டரோ ‘ஓ, எத்தனால் கூடிவிட்டது’ என்று எடுத்துக்கொள்கிறது. கலவையில் உள்ள குறையைக் கலப்பில் ஏற்றிவிடுகிறது. அடுத்த நாள் காலையில் ஸ்டார்ட் செய்யும்போது தப்பான கணக்கில் பீய்ச்சும், வண்டி முரண்டு பிடிக்கும். இயந்திரமே குழம்புகிற இடம் இது. மெக்கானிக் கையில் இருக்கும் இரண்டு சொல்லும் தெளிவாகப் பிரிந்திருந்தால்தான் அவன் அந்தக் குழப்பத்தை அவிழ்க்க முடியும்.

கலப்பைக் கையாலேயே பார்க்கவும் வழி இருக்கிறது. 100 மில்லி அளவுக் குடுவையில் 10 மில்லி தண்ணீர், மேலே 90 மில்லி பெட்ரோல். மூடிக் குலுக்கி, கொஞ்ச நேரம் அசையாமல் வைக்க வேண்டும். எத்தனால் தண்ணீரோடு போய்விடும். தண்ணீருக்கும் பெட்ரோலுக்கும் நடுவே 10இல் இருந்த கோடு மெல்ல மேலேறி 28 பக்கம் நின்றால் 18 மில்லி எத்தனால், அதாவது 90இல் 20 விழுக்காடு, இ20. இப்போது எங்கள் பட்டறையில் டேங்கைக் கழற்றும் முன் இதைச் செய்கிறோம். பக்கத்தில் பீடி, சிகரெட், வெல்டிங் எதுவும் கூடாது.

இனி ‘ஸ்டாய்க்கியோமெட்ரிக்’. பட்டியலில் ‘வேதிச்சமன்விகிதக் கலவை’ என்று இருக்கிறது. தப்பில்லை, ஆனால் கிரீஸ் கையோடு அதை யார் சொல்வார்கள்? என் பரிந்துரை ‘சரிபதம்’. பெட்ரோல் ஒரு கிலோ முழுதாக எரியச் சுமார் 14.7 கிலோ காற்று வேண்டும். வெறும் எத்தனாலுக்கு 9 கிலோ போதும். இ85 (85 விழுக்காடு எத்தனால் கலப்பு) என்றால் பத்துக்குச் சற்றுக் குறைவு. எரிபொருளுக்கு ஏற்ப எண் மாறுகிறது, ‘எல்லாம் சரியாக எரிந்து முடிகிறது’ என்ற நிலை மட்டும் மாறுவதில்லை. நம் வீட்டுப் பாகும் அப்படித்தான். புது வெல்லத்துக்கு ஒரு அளவு தண்ணீர், பழைய வெல்லத்துக்கு வேறு அளவு. அம்மா அதையா அளக்கிறார்? ஒரு சொட்டைத் தண்ணீரில் விட்டு உருட்டிப் பார்த்துப் பதம் சொல்கிறார். ஆக்சிஜன் உணரியும் உள்ளே போனதை அளப்பதில்லை. எரிந்து வெளியே வந்த புகையில் ஆக்சிஜன் மிச்சம் இருக்கிறதா என்று பார்த்துத்தான் சொல்கிறது. ‘பதம்’ என்ற சொல்லில் இந்த அறிவு ஏற்கெனவே இருக்கிறது. லாம்டா என்பது உள்ளே போன காற்றைச் சரிபதத்துக்கு வேண்டிய காற்றால் வகுத்த எண். லாம்டா 1 என்றால் சரிபதம், அதற்கு மேல் மெலி, கீழே செறி.

கடைசியாக ‘ஃபியூவல் டிரிம்’. வந்த மூன்று பரிந்துரைகளில் ‘எரிபொருள் திருத்தம்’ பரவாயில்லை. ஆனால் திருத்தம் என்றால் தவறு சரியாகிவிட்டது என்று தோன்றும். இங்கே தவறு அப்படியே இருக்கிறது. கம்ப்யூட்டர் கூடுதலாகவோ குறைவாகவோ பீய்ச்சி அதை ஈடுகட்டுகிறது. ஆகவே ‘ஈடு’. குறுங்கால ஈடு, நெடுங்கால ஈடு. அடகு என்ற பொருள் நினைவுக்கு வரலாம், ஒரு ஈடு இட்லியும் நினைவுக்கு வரலாம். ஆனால் ஸ்கேனர் திரையைப் பார்த்துக்கொண்டே ‘ஈடு +22’ (22 விழுக்காடு கூடுதலாகப் பீய்ச்சுகிறது) என்று சொன்னால் யாரும் குழம்பவில்லை.

சொல் கைக்கு வந்தபின் கையேட்டின் அந்தப் பக்கம் எவ்வளவு சுருங்கியது என்று பாருங்கள். ஐடிலில் ஈடு +20க்கு மேல், நிமிடத்துக்கு 2500 சுற்றில் +5க்கு இறங்குகிறது என்றால் காற்றுக் கசிவு. ஐடிலில் போகும் காற்றே கொஞ்சம், அதில் கசிவின் பங்கு பெரிது. ஐடிலில் சரியாக இருந்து, நத்தம் ரோடு பாலத்தில் ஆளேற்றிக்கொண்டு ஏறும்போது ஈடு கூடுகிறது என்றால் பம்பையும் ஃபில்டரையும் பார். எல்லா வேகத்திலும் ஏறக்குறைய ஒரே அளவு, அதுவும் பெட்ரோல் பங்க்குக்குப் போய்வந்த நாளிலிருந்து என்றால் முதலில் குடுவையை எடு: கலப்பு. இதை எழுத முன்பு ஒன்றரைப் பக்கம் ஆனது.

எத்தனாலுக்கு ‘எரிசாராயம்’ என்ற பரிந்துரை பற்றி ஒரு வரி. நல்ல சொல்தான், ஆனால் செய்தித்தாளில் அது பறிமுதல், கைது என்ற சொற்களோடுதான் வருகிறது. எத்தனால் என்றே இருக்கட்டும்.

‘நெகிழ் எரிபொருள் வண்டி’யும் எனக்கு உறுத்துகிறது. நெகிழ்வது எரிபொருள் இல்லை, எந்தக் கலப்பு வந்தாலும் ஏற்றுக்கொள்வது வண்டி. ‘கலப்பேற்பு வண்டி’ எனலாமா? ‘இரட்டை எரிபொருள்’ மட்டும் வேண்டாம், அது பெட்ரோலுக்கும் கேஸுக்கும் தனித்தனி டேங்க் உள்ள வண்டிகளுக்குப் போகட்டும். ஓசூரிலிருந்து 2019இலேயே எத்தனாலில் ஓடும் டிவிஎஸ் அப்பாச்சி பைக் வந்துவிட்டது. எங்கள் பட்டறைக்கு இன்றைக்கு வருபவை பெரும்பாலும் இ20 வண்டிகள்தான். கலப்பேற்பு வண்டிகள் வரிசை கட்டும் முன்னே சொற்கள் தயாராக இருப்பது நல்லது.

கையேட்டின் புதிய படி வரும் வெள்ளிக்கிழமை ஜெராக்ஸ் கடைக்குப் போகிறது. மெலிகலவை, செறிகலவை, கலப்பு, சரிபதம் நான்கையும் உறுதியாகவே போடுகிறேன். ‘ஈடு’க்கும் ‘கலப்பேற்பு’க்கும் ஆட்சேபம் இருந்தால் வியாழன் ராத்திரிக்குள் எழுதுங்கள். அதைவிட நல்ல சொல் வந்தால் மாற்றிவிடுகிறேன்.

அன்புடன்,
மதுரையிலிருந்து