90-களின் ராப் வீடியோவில் விஎச்எஸ் கோடு எங்கே இருந்தது?

பிலிம்சுருள்: இப்போதைய ராப் வீடியோக்களில் '90-கள்' என்றாலே பழைய டிவியின் 4:3 சட்டம், மூலையில் தேதி, குறுக்கே ஓடும் விஎச்எஸ் (வீட்டு வீடியோ டேப்) கோடு. இது பொய்ப் பழமை. அன்றைய பெரிய வீடியோக்களைப் பெரும்பாலும் பிலிமில்தான் எடுத்தார்கள். ராப் பாடகி மிஸ்ஸி எலியட்டின் 'த ரெயின்' (1997) பாருங்கள். இயக்குநர் ஹைப் வில்லியம்ஸின், ஓரங்களை வளைத்துக் காட்டும் மீன்கண் லென்ஸ், காற்றடைத்த கறுப்பு உடை, பளிச்சென்ற வெளிச்சம். அழுக்கு எங்கே?

டேப்தலை: நீங்கள் சொல்வது எடிட்டிங் அறையில் இருந்த படம். ஜனங்கள் பார்த்தது வேறு. 'யோ! எம்டிவி ராப்ஸ்' டிவி நிகழ்ச்சி 1988-லிருந்து 1995 வரை ஓடியது. அதை வீட்டில் பதிந்தவர்கள் டி-120 டேப்பில் 2 மணி நேரத்துக்குப் பதில் 6 மணி நேரம் அடைக்க, மெதுவான வேகத்தில் ஓடவிட்டார்கள். இரைச்சலும் கலர் கசிவும் அந்த ரசிகர்களின் நினைவில் பாட்டோடு ஒட்டியவை. அதை எப்படிப் பொய் என்பீர்கள்?

பிலிம்சுருள்: அப்படியானால் தேதி எதற்கு? அது கேம்கார்டர் போடுவது, டிவியிலிருந்து பதிந்தால் வராது. படத்தின் அடியில் நெளிகிற பட்டை அதைவிட மோசம். டேப் ஓட்டும் விசிஆரில், படத்தைப் படிக்கும் ஒரு ஹெட்டிலிருந்து அடுத்ததற்கு மாறும்போது விழுவது அது. பிக்சர் ட்யூப் டிவி படத்தின் ஓரங்களைச் சட்டத்துக்குள் மறைத்துவிடும். டேப்பைக் கணினியில் ஏற்றிய பிறகுதான் பலர் அந்தப் பட்டையையே பார்த்தார்கள். அது 90-களின் நினைவல்ல, யூடியூப் நினைவு.

டேப்தலை: பட்டையையும் தேதியையும் விட்டுத்தருகிறேன், டேப்பை விடமாட்டேன். மேலே ஒட்டுகிற ஓவர்லேக்குப் பதில் நிஜ டேப்பில் ஏற்றுங்கள். நொடிக்கு 24 ஃபிரேமில் எடிட் முடித்து, 720×480-க்குச் சுருக்கி, 24-ஐ 30 ஆக்கும் 3:2 புல்டவுன் கொடுத்து விசிஆரில் பதியுங்கள். அதற்கு முன் சிவப்பைக் குறையுங்கள். விஎச்எஸ்ஸில் வெளிச்ச விவரம் சுமார் 240 கோடு அளவுக்குத்தான் பிரிந்து தெரியும், நிறத்துக்கு ஏறக்குறைய 40-தான். சிவப்பு ஜாக்கெட் பக்கத்து ஆள் மேல் வழியும். கணினிக்குத் திரும்பப் பிடிக்கும்போது நடுவில், டேப் சிக்னலின் நேரத்தைச் சீராக்கும் டிபிசி இல்லையென்றால் ஃபிரேம் விழுந்து உதட்டசைவு நழுவும், ராப்பில் அது உடனே தெரியும். புல்டவுனைக் கழற்றி 1440×1080-க்குப் பெரிதாக்குங்கள். ஒலி மட்டும் மூல மாஸ்டரிலிருந்து.

அகலக்கண்: மீன்கண் பற்றி ஒன்று. ஃபுல்ஃபிரேமுக்கான 15 மி.மீ. மீன்கண் லென்ஸை, சென்சார் சிறிதான ஏபிஎஸ்-சி கேமராவில் மாட்டினால் வளைவு பாதி போய்விடும், 10 மி.மீ. பக்கம் வேண்டும். 16:9-ல் எடுத்து 4:3-க்கு வெட்டினால் இடது வலது வளைவும் போச்சு. சென்சாரின் முழு உயரத்தையும் பதியும் மோடில் எடுங்கள். முகம் லென்ஸிலிருந்து ஒரு சாண் தூரத்தில் இருக்கட்டும், கை அதைவிட முன்னால் வரட்டும். தள்ளி நின்றால் அது காவல் கேமரா படம் மாதிரி ஆகிவிடும்.

பிலிம்சுருள்: இதைத்தான் கேட்கிறேன். லென்ஸும் லைட்டும் செட்டும் சரியாக இருந்தால் டேப்பே வேண்டாம்.

டேப்தலை: லென்ஸ் ஹைப் வில்லியம்ஸுக்கு மரியாதை. டேப் அவரை வீட்டில் பதிந்து பதிந்து பார்த்தவர்களுக்கு. இரண்டையும் ஒரே வீடியோவில் வைப்பதில் எனக்குத் தடையில்லை.