முட்டையும் பாலும் ஒவ்வாதவருக்கு மாவுச்சத்து குறைந்த காலை உணவு எது?

பெங்களூரு அல்சூரில் வசிக்கும் என் தாயாருக்கு வயது 62. சர்க்கரை நோய்க்காகக் காலை உணவில் மாவுச்சத்தைக் குறைக்கும்படி மருத்துவர் கூறியிருக்கிறார். முட்டையும் நிலக்கடலையும் உண்டால் உடலெங்கும் தடிப்பு எழுகிறது, பாலும் பனீரும் வயிற்றை உப்ப வைக்கின்றன என்பதால், இத்தகைய உணவுக்கு வழக்கமாகச் சொல்லப்படும் வழிகள் எல்லாம் அடைபட்டுவிட்டன. மீனும் இறைச்சியும் காலையில் தொடமாட்டார்.

கேழ்வரகுக்கு மாறினோம்; அதிலும் 100 கிராமுக்கு ஏறத்தாழ 70 கிராம் மாவுச்சத்து உண்டு, ஆகவே உண்ட இரண்டு மணி நேரத்தில் சர்க்கரை 200-ஐத் தாண்டியதில் வியப்பில்லை. பனிக்காலத்தில் இங்கே குவியும் அவரைக்கொட்டையைப் பிதுக்கிச் செய்த சுண்டல் ஒத்துக்கொண்டது, பருவம் முடிந்ததும் அதுவும் நின்றது. இப்போது பாசிப்பயறு அடை மட்டுமே மிஞ்சியிருக்கிறது. தட்டில் அதைக் கண்டதும் முகத்தைத் திருப்பிக்கொள்கிறார்.

முட்டை, பால், நிலக்கடலை மூன்றும் இல்லாமல், அடையுடன் மாற்றி மாற்றிக் கொடுக்கக்கூடிய காலை உணவாக நீங்கள் எதைச் செய்கிறீர்கள்?