ஹிக்கரி தண்டு கோல்ஃப் மட்டைகள்: சீரமைப்புக்கும் மதிப்பீட்டுக்கும் ஆலோசனை தேவை

அனைவருக்கும் வணக்கம். ஸ்காட்லாந்தில் நான் குடியிருக்கும் வீட்டின் உரிமையாளர், தம் பாட்டனாரின் கோல்ஃப் மட்டைகள் மூன்றைப் பரணிலிருந்து எடுத்துத் தந்து, இவற்றைச் செப்பனிட முடியுமா, விற்றால் என்ன கிடைக்கும் என்று கேட்டிருக்கிறார். மூன்றிலும் ஹிக்கரி மரத்தண்டு. கோல்ஃப் விதிகளை வகுக்கும் செயின்ட் ஆண்ட்ரூஸின் ஆர் அண்ட் ஏ அமைப்பு எஃகுத் தண்டை 1929இல்தான் அனுமதித்தது என்பதால், இவை அதற்கு முந்தையவையாக இருக்கலாம்.

மாஷி எனப்படும் இரும்புத் தலை மட்டை ஒன்றின் பின்புறத்தில், துருவுக்கு அடியில், புகைபிடிக்கும் குழாய் வடிவ முத்திரை மங்கலாகத் தெரிகிறது. அது செயின்ட் ஆண்ட்ரூஸில் இரும்பு மட்டைத் தலைகளை அடித்துச் செய்த டாம் ஸ்டூவர்ட்டின் அடையாளம். முத்திரை தேய்ந்தால் மதிப்பும் போய்விடும் என்பதால், மெருகேற்றும் சக்கரத்தில் கொடுக்க மனம் வரவில்லை. எண்ணெய் தடவி, மிக நுண்ணிய இரும்பு நாரால் மெல்லத் தேய்த்தால் போதுமா?

அதே மட்டையின் தலை, தண்டு நுழையும் இடத்தில் லேசாக ஆடுகிறது. தண்ணீரில் ஊறவைத்தால் மரம் உப்பி இறுகும் என்கிறார்கள். உலர்ந்ததும் மீண்டும் ஆடும், துருவும் ஏறும் என்பதால் எனக்கு அதில் உடன்பாடில்லை. தலையையும் தண்டையும் பிணைக்கும் குறுக்காணியைக் கழற்றிப் பசையிட்டவர்கள் வழிமுறையைச் சொன்னால் நலம். தண்டுக்கு உப்புத்தாள் போடாமல் ஆளிவிதை எண்ணெய் மட்டும் பூச எண்ணியுள்ளேன்.

தோல் பிடி பாதி பிரிந்து, உள்ளே சுற்றிய துணி தெரிகிறது. அதை மாற்றினால் விலை குறையுமா? அக்கால மட்டைகள் ஏராளமாகச் செய்யப்பட்டவை, சாதாரணமானவை பெரிய விலைக்குப் போவதில்லை என்பதை அவரிடம் சொல்லிவிட்டேன். இருந்தும் ஏல நிறுவனத்திடம் காட்டுவது பயனுள்ளதா என்பதை அனுபவமுள்ளவர்கள் தெரிவிக்க வேண்டுகிறேன்.