உள்ளூர்க் குழந்தை நிகழ்ச்சிகளை முடித்துவைத்தது விளம்பர விதியா, நிலையங்களின் வரவுசெலவா?

அகிலன்:
1950களிலும் 60களிலும் அமெரிக்கப் பெருநகரத் தொலைக்காட்சி நிலையங்கள் பலவும் குழந்தை நிகழ்ச்சியை நடத்தத் தமக்கென ஒரு கோமாளியையோ, மாலுமியையோ, ஷெரிஃபையோ வைத்திருந்தன. சியாட்டிலின் கைரோ நிலையத்தில் ஜே. பி. பேட்சஸ், ஃபீனிக்ஸில் வாலஸும் லாட்மோவும், சிகாகோவின் டபிள்யூஜிஎன்னில் போஸோ என அந்தந்த ஊர்ப் பிள்ளைகளுக்கு அவர்கள் வீட்டு மனிதர்களாகவே இருந்தார்கள். 1968இல் பாஸ்டன் அருகே பெக்கி சாரனும் சில தாய்மார்களும் தொடங்கிய அமைப்பு, குழந்தை நிகழ்ச்சிகளில் விளம்பரமே கூடாது என்று 1970இல் ஒளிபரப்பைக் கண்காணிக்கும் அரசின் தகவல்தொடர்பு ஆணையத்திடம் மனுக் கொடுத்தது. அந்த நெருக்குதலால் 1973 முதல் தொகுப்பாளர் தம் வாயால் பொருளை விற்கக் கூடாது என ஒளிபரப்பாளர் சங்கம் விதித்தது. மறுஆண்டு ஆணையமும் அதையே வலியுறுத்தியது. நல்லெண்ணத்தில் பிறந்த அந்த விதிதான் இந்த மரபின் வேரை அறுத்தது என்பது என் கருத்து.

தமிழ்ச்செல்வி:
ஆண்டுகளை வரிசையாக வைத்துப் பார்த்தால் உங்கள் வாதம் நிற்கவில்லை, அகிலன். 1958இல் தொடங்கிய பேட்சஸ் 1981 வரை ஓடினார். 1954இல் தொடங்கிய வாலஸ் 1989 வரை ஓடினார். டபிள்யூஜிஎன்னின் போஸோ 2001 வரை நீடித்தார். விதி வந்தபின் எட்டு, பதினாறு, இருபத்தெட்டு ஆண்டுகள் வாழ்ந்தவர்களை அந்த விதி கொன்றது என்று எப்படிச் சொல்வது? உள்ளூர் நிகழ்ச்சிக்கு அரங்கம், கேமராக்காரர்கள், இசைக்கலைஞர், வேடமிடும் நடிகர் என அன்றாடம் சம்பளம் வேண்டும். வெளியிலிருந்து நாடாவில் வரும் உரையாடல் நிகழ்ச்சிக்கோ பழைய நகைச்சுவைத் தொடருக்கோ அதை ஓட்டிவிட ஓர் ஆள் போதும்; மாலை நேரத்தில் பெரியவர்களும் பார்ப்பார்கள் என்பதால் விளம்பரக் கட்டணமும் கூடும். நிலைய உரிமையாளர் எதைத் தேர்ந்தெடுப்பார் என்பதற்கு ஆணையத்தின் உதவி தேவையில்லை.

அகிலன்:
நீங்கள் காட்டும் மூவரும் மரபின் உச்சத்தில் இருந்தவர்கள், தமிழ்ச்செல்வி. போஸோவுக்கு அரங்க நுழைவுச்சீட்டு கேட்டவர்கள் ஆண்டுக்கணக்கில் காத்திருந்தார்கள். சிறு நகர நிலையத்தில் தொகுப்பாளரே பால் பண்ணைக்கும் ரொட்டிக் கடைக்கும் சொல்லும் பரிந்துரைதான் வருமானம். பிழைத்த மூவரைக் கொண்டு மாண்ட பலரின் கதையை எழுதக் கூடாது.

ரஃபீக்:
அந்தப் பரிந்துரை அத்தனை களங்கமற்றதன்று என்பதையும் சேர்த்துப் பேசுங்கள். 1953இல் பால்டிமோரில் நான்சி கிளாஸ்டர் தொடங்கிய 'ராம்பர் ரூம்' என்ற குழந்தை நிகழ்ச்சி ஊர்தோறும் ஓர் ஆசிரியையை வைத்து நடந்தது. ராம்பர் ரூம் பெயரிலேயே பொம்மைகள் விற்கப்பட்டன. வாஷிங்டன் நிலையத்தில் அதே போஸோ வேடம் போட்ட வில்லார்ட் ஸ்காட், அந்நிகழ்ச்சி நின்றபின், 1963இல் மெக்டொனால்ட்ஸ் உணவகத்தின் கோமாளியான ரொனால்ட் மெக்டொனால்டாக முதன்முதலில் விளம்பரத்தில் தோன்றினார். கோமாளியிலிருந்து விற்பனையாளனுக்கு அவ்வளவுதான் தூரம். 1965 புத்தாண்டு நாளில் நியூயார்க்கில் குழந்தை நிகழ்ச்சித் தொகுப்பாளர் சூப்பி சேல்ஸ், பெற்றோரின் பணப்பையிலிருந்து பச்சைக் காகிதங்களை, அதாவது டாலர் தாள்களை, எடுத்து எனக்கு அனுப்புங்கள் என்று வேடிக்கையாகச் சொன்னதற்கு நிலையம் அவரைத் தற்காலிகமாக நிறுத்தியது. சொன்னால் பிள்ளைகள் செய்துவிடுவார்கள் என்று அஞ்சியதால்தானே?

தமிழ்ச்செல்வி:
ரஃபீக் சொல்வது விதியின் நியாயம். நான் பேசுவது அதன் விளைவு. 1984இல் ஆணையம் குழந்தை நிகழ்ச்சிகளின் விளம்பர நேர வரம்பை நீக்கியது. விளம்பரக் கட்டுப்பாடுதான் தடையென்றால் கோமாளிகள் திரும்பியிருக்க வேண்டும். மாறாகப் பொம்மை நிறுவனங்களின் பாத்திரங்களைக் கொண்ட கார்ட்டூன்களே மாலைகளை நிறைத்தன.

அகிலன்:
அப்போது நீங்கியது நேர வரம்பு மட்டுமே. தொகுப்பாளர் விற்கக் கூடாது என்ற தடை அப்படியே இருந்தது. பொம்மையே நாயகனான அரைமணி நேரக் கார்ட்டூன் குற்றமில்லை, ரொட்டிப் பொட்டலத்தைக் கையில் பிடித்த மனிதன் குற்றவாளி! இந்த முரண்பாட்டில் தோற்றவர் உள்ளூர்க் கலைஞரே.

தமிழ்ச்செல்வி:
முரண்பாடு உண்மைதான். ஆனால் நிகழ்ச்சியின் இடைவேளையில் வேறொருவர் நடித்த விளம்பரத்தை ஒளிபரப்ப எவரும் தடுக்கவில்லை. 1978இல் செயற்கைக்கோள் ஏறிய டபிள்யூஜிஎன் வழியே போஸோ நாடு முழுவதும் தெரிந்தார். எந்தச் சிறு நகரக் கோமாளிக்கும் கிட்டாத சந்தை அது. அவரையும் 1994இல் ஞாயிறு காலைக்குத் தள்ளி, 2001இல் நிறுத்தினார்கள். அந்த முடிவுக்கு 1973ஆம் ஆண்டு விதியை எப்படிப் பொறுப்பாக்குவீர்கள் என்று விளக்குங்கள்.