கனடாவில் பிஆர்ஏ (வெளிநாட்டில் பயிற்சி பெற்ற டாக்டர்களை மதிப்பிட்டு அங்கே வேலை செய்ய வழிசெய்யும் திட்டம்) வழியாகப் போன டாக்டர்கள் இருக்கிறீர்களா?

வணக்கம். அக்கா மதுரையில் குடும்ப மருத்துவத்தில் டிஎன்பி என்ற முதுநிலைப் படிப்பு முடித்தவர், இப்போது பிரிட்டிஷ் கொலம்பியாவில் சர்ரேயில் எங்களோடு இருக்கிறார். கனடாவின் மருத்துவத் தகுதித் தேர்வான எம்சிசிக்யூஇ முதல் பகுதி, செய்முறைத் திறனைப் பார்க்கும் என்ஏசி தேர்வு இரண்டும் தேறிவிட்டார். ரெசிடென்சியை (முதுநிலைப் பயிற்சிக் காலத்தை) மறுபடி முதலிலிருந்து செய்யாமல் பிஆர்ஏவுக்கு விண்ணப்பிக்கப் போகிறார். 12 வாரம் மேற்பார்வையில் மதிப்பீடு, தேறினால் டாக்டர்கள் தேவைப்படும் ஊரில், பெரும்பாலும் கிராமப்புறத்தில், 3 வருடம் வேலை, அதில் அவருக்குத் தயக்கமே இல்லை, சொல்லப்போனால் சின்ன ஊரில்தான் நோயாளிகளைக் குடும்பமாகத் தெரிந்து வைத்தியம் பார்க்க முடியும் என்கிறார். ஊரை ஒதுக்கும்போது நம் விருப்பத்தைக் கேட்கிறார்களா? பையனுக்குப் பள்ளிக்கூடம் பார்க்கணும். அப்புறம், சமீபத்திய பணி அனுபவத்துக்கு மதுரை மருத்துவமனையின் கடிதம் போதுமா? அந்த 12 வாரத்தில் எதைக் கூர்ந்து பார்க்கிறார்கள்? அனுபவப்பட்டவர்கள் தயவுசெய்து சொல்லுங்கள், விண்ணப்பம் திறப்பதற்குள் எல்லாவற்றையும் தயார் செய்துவிட நினைக்கிறோம்.