எட்டு த்ரெட் இருந்தும் 13 சதவீதம்தான்! உங்களுக்கும் இப்படி நடந்திருக்கிறதா?

கணக்குப்பிள்ளை:

நான் ஜவுளிக் கடையில் கணக்கு பார்க்கிறவன். ஆறு மாசத்துக்கு முன்னால் முதலாளியிடம் கெஞ்சிக் கூத்தாடிப் புதுக் கம்ப்யூட்டர் வாங்கினோம். 4 கோர் (சிப்புக்குள் தனித்தனியாகக் கணக்குப் போடும் பகுதி), 8 த்ரெட் (ஒரே நேரத்தில் ஓடக்கூடிய வேலை வரிசை). பழைய மெஷினில் வருடாந்திர ஸ்டாக் ரிப்போர்ட் எடுக்க 50 நிமிடம் ஆகும். புதியதில் பத்தே நிமிடத்தில் முடிந்துவிடும் என்று முதலாளியிடம் வாயை விட்டுவிட்டேன். ஆனது 41 நிமிடம்.

கண்ட்ரோல், ஷிஃப்ட், எஸ்கேப் மூன்றையும் சேர்த்து அழுத்தி எந்த வேலை மெஷினை எவ்வளவு பிடிக்கிறது என்று காட்டும் டாஸ்க் மேனேஜரைத் திறந்தால் சிபியு (ப்ராசசர்) 13 சதவீதம். ரிப்போர்ட் முடிகிறவரை அந்த 13 ஏறவும் இல்லை, இறங்கவும் இல்லை. மெஷின் முக்கால்வாசி தூங்குகிறது, ஏதோ கோளாறு என்று விற்றவரிடம் சண்டைக்கே போய்விட்டேன். அவர் சிரித்துக்கொண்டே, "சார், நூறை எட்டால வகுத்துப் பாருங்க" என்றார். பன்னிரண்டரை. எங்கள் கணக்கு மென்பொருள் அந்த ரிப்போர்ட்டை ஒரே த்ரெட்டில் ஓட்டுகிறது. மொத்தம் எட்டில் ஒன்று நிரம்பிவிட்டால் விண்டோஸ் காட்டுவது 12, 13தான்.

எனக்கு அப்போதும் நம்பிக்கை வரவில்லை. சிபியு வரைபடத்தின் மேல் ரைட் கிளிக் செய்து லாஜிக்கல் ப்ராசசர் வாரியாக, அதாவது எட்டு த்ரெட்டையும் தனித்தனியாக, காட்டச் சொன்னேன். எட்டுக் கட்டம் வந்தது. ஒன்று மட்டும் உச்சியில் நிற்கும் என்று பார்த்தால், இல்லை! எல்லாக் கட்டத்திலும் அங்கொரு மேடு, இங்கொரு பள்ளம். விண்டோஸ் அந்த ஒற்றை த்ரெட்டை ஒரு கோரிலேயே உட்காரவிடாமல் இடம் மாற்றிக்கொண்டே இருக்குமாம். அப்புறம் டீட்டெய்ல்ஸ் பக்கத்துக்குப் போய், அந்த ப்ரோகிராமின் மேல் ரைட் கிளிக் செய்து, எந்தெந்த ப்ராசசரில் ஓடலாம் என்று குறிக்கும் செட் அஃபினிட்டியில் எல்லா டிக்கையும் எடுத்துவிட்டு ஒன்றை மட்டும் விட்டேன். மூன்றாவது கட்டம் சர்ரென்று கூரை வரை ஏறிப் பட்டையாக நின்றது. மற்ற ஏழும் தரையில். ரிப்போர்ட் முடிய ஆனது அதே 41 நிமிடம். அன்றைக்குத்தான் வாயை மூடினேன்.

உங்கள் கதைகளையும் சொல்லுங்கள்.

பழுது பார்ப்பவன்:

கணக்குப்பிள்ளை சாருக்காவது எட்டும் இருந்தது. என் கடைக்கு வந்த மெஷினில் ஒன்றுதான் இருந்தது!

கல்லூரிப் பையனுடைய கம்ப்யூட்டர். "ஒரு வாரமா ஆமை மாதிரி போகுது அண்ணே" என்று கொண்டுவந்து வைத்தான். ஃபேனைத் தூசி தட்டினேன், தெர்மல் பேஸ்ட் மாற்றினேன், ரேமைக் கழற்றி வேறு போட்டுப் பார்த்தேன். அரைநாள் போனது. கடைசியில் டாஸ்க் மேனேஜரைப் பார்த்தால் லாஜிக்கல் ப்ராசசர்: 1. நாலு கோர் சிப் அது.

"ஏதாவது பண்ணினியா தம்பி?" என்று கேட்டதும் முழித்தான். ஏதோ வீடியோவில் "எம்எஸ்கான்ஃபிக் (விண்டோஸ் அமைப்புகளை மாற்றும் கருவி) திறந்து, பூட், அட்வான்ஸ்டு போய், நம்பர் ஆஃப் ப்ராசசர்ஸ் டிக் செய்தால் வேகம் இரண்டு மடங்கு" என்று சொன்னார்களாம். டிக் போட்டிருக்கிறான், பக்கத்திலிருந்த எண் 1 என்றிருப்பதைப் பார்க்காமல் ஓகே கொடுத்துவிட்டான். அந்த இடம் கோரைக் கூட்டுவதற்கு இல்லை, குறைப்பதற்கு. குறைந்த ப்ராசசரில் தன் ப்ரோகிராம் எப்படி ஓடும் என்று சோதித்துப் பார்க்க நினைக்கிறவர்களுக்கு வைத்தது. டிக் இல்லாவிட்டால் விண்டோஸ் இருக்கிற எல்லாவற்றையும் தானாகவே எடுத்துக்கொள்ளும்.

டிக்கை எடுத்து ரீஸ்டார்ட் செய்தேன், சரியாகிவிட்டது. பேஸ்ட்டுக்கு மட்டும் காசு வாங்கினேன். அதையும் வாங்கியிருக்கக் கூடாதுதான்.

ஓசிஆர் பித்தன்:

என் கதை நேர் எதிர். என்னிடம் எல்லாக் கோரும் நிரம்பி வழிந்தது, வேலைதான் நகரவில்லை.

தாத்தாவின் அலமாரியிலிருந்து எடுத்த பழைய வைத்திய நூல் ஒன்றை ஸ்கேன் செய்து, டெசராக்ட் என்ற ஓசிஆர் (படத்திலுள்ள எழுத்தைப் படிக்கும்) மென்பொருள் வழியாக எழுத்தாக்கிக்கொண்டிருந்தேன். 312 பக்கம். உபுண்டு லினக்ஸ், எட்டு த்ரெட். ஒவ்வொரு பக்கமாக ஓட்டுவானேன், எட்டுப் பக்கத்தை ஒரே நேரத்தில் விடுவோம் என்று ஒரு சின்ன ஸ்கிரிப்ட் எழுதினேன். டாஸ்க் மேனேஜர் மாதிரியான ஹெச்டாப்பைத் திறந்தால் கண்ணுக்குக் குளிர்ச்சி! எட்டுப் பட்டையும் பச்சை, முழு நூறு. ஃபேன் மாவு மில் மாதிரி கத்துகிறது. நான் போய்ச் சாப்பிட்டுவிட்டு வந்து பார்த்தால் முடிந்திருந்தது 19 பக்கம். ஒவ்வொன்றாக ஓட்டியிருந்தால்கூட இதைவிட அதிகம் முடிந்திருக்கும்.

வலது மேல் மூலையில் லோட் ஆவரேஜ் (ஓடிக்கொண்டும் ஓடக் காத்துக்கொண்டும் இருக்கிற வேலைகளின் சராசரி எண்ணிக்கை) முப்பதைத் தாண்டி நின்றது. அங்கேதான் பொறி தட்டியது. எட்டுதானே ஓட்டினேன், முப்பது எங்கிருந்து? டெசராக்ட் நான்காம் பதிப்பிலிருந்து ஒவ்வொரு பக்கத்துக்கும் தானே நான்கு த்ரெட் வரை திறந்துகொள்கிறது. எட்டு நான்கு முப்பத்திரண்டு. எட்டு நாற்காலிக்கு முப்பத்திரண்டு பேர் முட்டிக்கொள்கிறார்கள். அதிலும் ஒரு கூத்து என்னவென்றால், கூட்டாளி த்ரெட் முடிப்பதற்காகக் காத்திருக்கிற த்ரெட் சும்மா ஒதுங்கி நிற்காது. "முடிந்ததா, முடிந்ததா" என்று சுற்றிச் சுற்றிக் கேட்டுக்கொண்டே இருக்கும். அதுவும் ஹெச்டாப்பில் பச்சையாகத்தான் தெரியும். நான் பார்த்துப் பூரித்த பச்சையில் பெரும்பகுதி இந்த நச்சரிப்புதான்.

ஸ்கிரிப்டின் தலையில் த்ரெட் எண்ணிக்கைக்கு வரம்பு போடும் ஓஎம்பி த்ரெட் லிமிட் (OMP_THREAD_LIMIT) என்ற மாறியை 1 என்று வைத்தேன், ஒரே வரி. லோட் எட்டுக்கு இறங்கியது. பட்டைகள் அதே பச்சை, அதே நூறு. வெளியிலிருந்து பார்த்தால் ஒரு வித்தியாசமும் இல்லை. ஆனால் மாலை டீக்கு முன்னால் 312 பக்கமும் முடிந்துவிட்டது. (முடிந்த பிறகு ற, ன குழப்பங்களைத் திருத்த மூன்று மாதம் ஆனது. அதற்கு எத்தனை கோர் இருந்தும் பயனில்லை.)

மேக்கிலிருந்து:

சின்னதாக ஒன்று. கத்திரி வெயிலில், மின்விசிறிகூட இல்லாத மாடி அறையில் உட்கார்ந்து வேலை. கம்ப்யூட்டர் தடவித் தடவி நகர, ஆக்டிவிட்டி மானிட்டரில் (மேக்கின் டாஸ்க் மேனேஜர்) கெர்னல் டாஸ்க் என்று ஒன்று 400 சதவீதத்துக்கு மேல் காட்டியது. வைரஸ் என்றே முடிவு கட்டிவிட்டேன். பிறகுதான் இரண்டு விஷயம் தெரிந்தது. மேக்கில் விண்டோஸ் மாதிரி மொத்தத்தை நூறாக வைப்பதில்லை, ஒவ்வொரு கோருக்கும் தனித்தனி நூறு. அதனால் 400 என்பது நான்கு கோர் அளவு. அப்புறம், அந்த கெர்னல் டாஸ்க் திருடன் இல்லை, காவலாளி. சிப் சூடேறும்போது மற்ற ப்ரோகிராம்களுக்கு இடம் கிடைக்காதபடி தானே சிபியுவைப் பிடித்து வைத்துக்கொள்ளும். கீழ் அறைக்கு எடுத்துப் போனேன், கால் மணி நேரத்தில் அடங்கிவிட்டது.

சிம் லிம் காலத்துக்காரன்:

கோர் என்றெல்லாம் பேசுகிறீர்கள், நாங்கள் இரண்டு ப்ராசசர் வேண்டுமென்றால் இரண்டு சிப் வாங்கினோம்! 1999இல் அபிட் பிபி6 என்று ஒரு மதர்போர்டு வந்தது. இன்டெலின் மலிவான செலரான் சிப் இரண்டைப் பக்கத்தில் பக்கத்தில் செருகலாம். சிங்கப்பூர் சிம் லிம் ஸ்கொயரில் அலைந்து வாங்கிவந்து, இரவோடு இரவாக மாட்டி, விண்டோஸ் 98ஐ ஏற்றினேன். நண்பர்களை வேறு கூப்பிட்டிருந்தேன். வேகத்தில் இம்மியும் மாற்றமில்லை. விண்டோஸ் 95, 98 வரிசைக்கு ஒரு ப்ராசசருக்கு மேல் எண்ணத் தெரியாது. இரண்டாவது சிப் சூடு மட்டும் கொடுத்துக்கொண்டிருந்தது. விண்டோஸின் இன்னொரு கிளையான என்டி வரிசைக்குத்தான் அது 1993இலிருந்தே தெரியும். அந்த வரிசையில் விண்டோஸ் 2000 வந்ததும் ஏற்றினேன், டாஸ்க் மேனேஜரில் இரண்டு கட்டம் அக்கம்பக்கமாக வந்து நின்றதே, அந்த மகிழ்ச்சி பிறகு 16 த்ரெட் வாங்கியபோதுகூட வரவில்லை.

அதே மெஷினில் பிஓஎஸ் (BeOS) என்ற இன்னொரு இயங்குதளத்தையும் போட்டுப் பார்த்தேன். அதில் பல்ஸ் என்று ஒரு குட்டி ப்ரோகிராம். ப்ராசசருக்கு ஒரு பட்டை, பக்கத்தில் ஒரு பொத்தான். வீடியோ ஓடும்போதே பொத்தானைத் தட்டி ஒரு ப்ராசசரை அணைக்கலாம். மற்றது மூச்சு வாங்குவதைக் கண்ணால் பார்க்கலாம். பிஓஎஸ்ஸைச் செய்த கம்பெனி முன்பு விற்ற பிபாக்ஸ் கம்ப்யூட்டரில் பெட்டியின் முகப்பிலேயே இரண்டு வரிசை விளக்கு, ப்ராசசர் சுமை ஏற ஏற மேலே ஏறும். டாஸ்க் மேனேஜரைத் திறக்கவே வேண்டாம். இப்போதெல்லாம் பெட்டியில் விளக்குக்குக் குறைவில்லை, ஒன்றும் சொல்லாத விளக்குகள்.

கணக்குப்பிள்ளை:

ஓசிஆர் பித்தன் சொன்னதைப் படித்துவிட்டு நேற்று ஒன்று செய்து பார்த்தேன். எங்களுக்கு நாலு கிளை. மொத்த ரிப்போர்ட்டைக் கிளைவாரியாகப் பிரித்து, மென்பொருளை இரண்டு முறை திறந்து இரண்டு கிளையை ஒன்றாக விட்டேன். 25 சதவீதம், இரண்டும் சேர்ந்தே முடிந்தன. உற்சாகத்தில் அடுத்த முறை நாலையும் ஒன்றாக விட்டேன். 50 வரும் என்று பார்த்தால் சிபியு 18க்கு இறங்கிவிட்டது. கீழே டிஸ்க் 100 என்று நிற்கிறது. மெஷின்தான் புதுசு, டேட்டா இருப்பது பழைய கம்ப்யூட்டரிலிருந்து கழற்றி மாட்டிய ஹார்ட் டிஸ்க்கில்.

இரண்டிரண்டாக ஓட்டி 23 நிமிடத்தில் முடித்தேன். எஸ்எஸ்டி (வேகமான புது வகை டிஸ்க்) கேட்டு முதலாளியிடம் போக வேண்டும். இந்தத் தடவை எத்தனை நிமிடம் என்று சொல்லப்போவதில்லை.