தொடுதிரையும் சைகையும் நம் கைகளும்: தர்மபுரி, கிருஷ்ணகிரி அனுபவங்கள்

பர்கூரிலிருந்து, கிரானைட் ஆலைப் பராமரிப்பாளர்

இனிக் கணினியை இயக்க விரலும் சைகையும் போதும், விசைப்பலகையும் மவுஸும் பழங்கதையாகிவிடும் என்று பலரும் எழுதுகிறார்கள். அதை மறுப்பதற்காக இந்த உரையாடல் திரியைத் தொடங்கவில்லை. தொட்டு இயக்கும் கண்ணாடி நம் இரண்டு மாவட்டங்களிலும் பட்டறை, பள்ளிக்கூடம், வங்கி என்று எங்கும் வந்துவிட்டது. ஆகவே அதை அன்றாடம் கையாளுகிறவர்கள் தாம் நேரில் கண்டதை எழுதினால் நன்றாக இருக்கும் என்று தோன்றியது. முதலில் என்னுடையதை எழுதுகிறேன்.

நான் பார்த்துக்கொள்ளும், கல்லை மெருகேற்றும் பாலிஷ் லைனில் கல் உள்ளே நகரும் வேகம், தேய்த்து மெருகேற்றும் ஒவ்வொரு ஹெட்டும் கல்லின் மேல் கொடுக்கும் அழுத்தம், தண்ணீர் ஆகிய எல்லாவற்றையும் ஒரு தொடுதிரையில்தான் அமைக்கிறோம். பழைய இயந்திரத்தில் இருப்பது அழுத்தினால் மட்டும் வேலை செய்யும் வகை. இரண்டு மெல்லிய கடத்தும் படலங்கள் சிறு இடைவெளியில் இருக்கும்; மேல் படலத்தை அழுத்தினால் அது கீழ்ப் படலத்தைத் தொட, தொட்ட இடத்தை மின்னழுத்தத்தைக் கொண்டு கணக்கிடுவார்கள். 1971-இல் அமெரிக்காவில் சாமுவேல் ஹர்ஸ்ட் தொடங்கிய எலோகிராபிக்ஸ் நிறுவனத்திலிருந்து வளர்ந்த முறை இது. ரப்பர் கையுறையோடு அழுத்தலாம், ஸ்குரூடிரைவரின் பிடியாலும் அழுத்தலாம், நம் ஆட்கள் அழுத்தவும் செய்கிறார்கள். அதனால் ‘ஸ்டார்ட்’ இருக்கும் இடத்தில் மட்டும் படலம் வெளுத்துத் தேய்ந்து, நாளடைவில் பக்கத்துக் கட்டம் வேலை செய்யத் தொடங்கிவிடும். அப்போது திரையின் மூலைகளைத் தொட்டு மறுபடி அளவு சரிசெய்ய வேண்டும்.

பின்னால் வந்த இயந்திரத்தில் செல்போனில் இருப்பதைப் போன்ற மின்தேக்கத் திரை. பார்வைக்கு அழகு, படமும் தெளிவு. கல் அறுக்கிற இடத்தில் தண்ணீரும் கற்சேறும் தெறிக்காத மூலை இல்லை என்பதை அதை வடிவமைத்தவர் அறிந்திருக்க வாய்ப்பில்லை. கண்ணாடிக்கு அடியில் குறுக்கும் நெடுக்குமாக ஓடும், கண்ணுக்குத் தெரியாத கடத்திகளின் மின்தேக்கம் விரல் நெருங்கும்போது மாறுகிறது, அந்த மாற்றத்தை வைத்துத்தான் திரை விரலை அறிகிறது. தண்ணீரும் அதே மாற்றத்தை உண்டாக்கும் என்பதால் மேலே வழியும் நீர்த்துளியும் அதற்கு விரல்தான். இந்த இயந்திரத்தில் ஒருமுறை ஹெட் அழுத்தம் தானாக ஏறுவதைப் பார்த்து மின்சாரக் கோளாறு என்று கம்பியைச் சோதித்துக்கொண்டிருந்தபோது, கடைசியில் ஒரு துணியை எடுத்துத் திரையைத் துடைத்ததும் சரியாயிற்று. அவசர நிறுத்தத்துக்கு மட்டும் இன்றும் தனியாகக் கம்பி இழுத்த சிவப்புக் குமிழ்தான். அதைக் கண்ணாடிக்குள் கொண்டுபோக எந்த இயந்திரக்காரரும் துணியவில்லை.

இன்னொன்றையும் சொல்ல வேண்டும். பல ஆண்டுகள் கல்லில் வேலை செய்த பெரியவர்களின் விரல்நுனி காய்த்துப் போயிருக்கும். உலர்ந்த தடித்த தோல் உயிருள்ள சதைக்கும் கண்ணாடிக்கும் இடையே கூடுதல் இடைவெளியாகிவிடுவதால் செல்போன் அவர்களுடைய தொடுதலைச் சரியாக ஏற்பதில்லை. மதிய உணவு நேரத்தில் அவர்கள் விரலின் பக்கவாட்டாலும் சில சமயம் விரல் மூட்டாலும் திரையைத் தள்ளுவதைப் பார்த்திருக்கிறேன். இங்கிலாந்தின் மால்வர்ன் நகரத்து ராடார் ஆய்வு நிறுவனத்தில் இ. ஏ. ஜான்சன் 1965-இல் இந்த மின்தேக்க முறையை முன்வைத்தது விமானப் போக்குவரத்தைக் கட்டுப்படுத்துவோருக்காக. உலர்ந்த அறையில் நாற்காலியில் அமர்ந்திருப்பவரின் மென்மையான விரலுக்காகப் பிறந்த கண்ணாடி அது என்பதை இந்தப் பெரியவர்களைப் பார்க்கும்போதெல்லாம் நினைத்துக்கொள்வேன்.

பாலக்கோட்டுப் பக்கத்திலிருந்து, அரசுப் பள்ளி ஆசிரியை

பர்கூர் அண்ணன் தண்ணீரைப் பற்றி எழுதியிருக்கிறார். எங்களுக்குச் சிக்கல் தருவது தூசியும் பூச்சியும்.

எங்கள் வகுப்பறைப் பெருந்திரை அகச்சிவப்பு வகையைச் சேர்ந்தது. திரையின் நான்கு பக்கச் சட்டத்திலும் கண்ணுக்குத் தெரியாத ஒளிக்கதிர்கள் எதிரும் புதிருமாகப் போய்க்கொண்டிருக்கும், எந்தக் கதிர்கள் மறைக்கப்படுகின்றன என்பதை வைத்து இடம் கண்டுபிடிக்கப்படும். இதுவும் புதிய யோசனையன்று. 1972 வாக்கில் இல்லினாய் பல்கலைக்கழகத்தின் பிளேட்டோ 4 என்னும் கற்பித்தல் கணினியில் மாணவர்கள் இதே முறையில் 16-க்கு 16 கட்டங்கள் கொண்ட திரையைத் தொட்டு விடை சொன்னார்கள். 1983-இல் ஹெச்பி நிறுவனம் விற்ற ஹெச்பி-150 கணினியின் திரையைச் சுற்றியிருந்த சிறு துளைகளில் தூசி அடைந்ததும் தொடுதல் தடுமாறியது என்று படித்தபோது எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது, ஏனென்றால் பக்கத்தில் இருக்கும் கரும்பலகையிலிருந்து வரும் சாக்பீஸ் தூள் எங்கள் சட்டத்தில் இன்றும் அதே வேலையைத்தான் செய்கிறது. வாரத்துக்கு ஒருமுறை உலர்ந்த துணியால் சட்டத்தின் உள்விளிம்பைத் துடைத்தால் பெரும்பாலான தொல்லை தீர்ந்துவிடும் என்பதைப் பிற ஆசிரியர்களும் குறித்துக்கொள்ளலாம்.

ஒளியை மறைப்பது எதுவாக இருந்தாலும் இந்தத் திரைக்கு அது விரல்தான். பாடம் நடத்தும்போது என் புடவை முந்தானை விளிம்பில் பட்டுப் பக்கம் புரண்டுவிடும், ஆகவே இப்போதெல்லாம் இழுத்துச் செருகிக்கொண்டுதான் திரைக்குப் பக்கத்தில் நிற்கிறேன். மழைக்காலத்தில் சன்னலைத் திறந்து வைத்தால் ஈசல் வந்து ஒட்டிக்கொண்டு, நாங்கள் கேட்காத படங்களையெல்லாம் திறந்து காட்டும். ஒருநாள் பல்லி ஒன்று இந்திய வரைபடத்தை இமயத்திலிருந்து குமரி வரை மெதுவாக இழுத்துக்கொண்டு போனதைப் பிள்ளைகள் இன்னும் சொல்லிச் சிரிக்கிறார்கள்.

இதற்காக அந்தத் திரை வேண்டாம் என்று சொல்ல மாட்டேன். முதல் வகுப்புக் குழந்தைக்கு மவுஸைப் பிடிக்கக் கற்றுக்கொடுப்பது கடினம். கை ஓரிடத்தில் நகர அம்புக்குறி வேறிடத்தில் நகரும் தொடர்பு அதற்கு உடனே பிடிபடாது. படத்தைத் தொட்டு இழுத்துக் கூடைக்குள் போடு என்றால் சொல்லி முடிப்பதற்குள் போட்டுவிடுகிறது. எழுத்துப் பயிற்சிக்கு மட்டும் நான் சிலேட்டைத்தான் கொடுக்கிறேன். விரலால் கண்ணாடியில் ‘ழ’ எழுதும் குழந்தை வடிவத்தைக் கற்றுக்கொண்டாலும், பலப்பத்தைப் பிடித்து அழுத்தி எழுதும் பிடிப்பு அதற்கு வருவதில்லை.

நிமிர்ந்து நிற்கும் திரையை வெகுநேரம் தொட்டால் தோள் கனத்துவிடும் என்பதைக் கணினித் துறையினர் ‘கொரில்லா கை’ என்று அழைப்பார்களாம். கரும்பலகையில் ஆயுளைக் கழித்த எங்களுக்கு அது செய்தியே அன்று.

கிருஷ்ணகிரியிலிருந்து, வங்கிப் பணியாளர்

நான் பார்வை மாற்றுத்திறனாளி. டீச்சர் அம்மா சொன்ன திரைகளும் அண்ணன் சொன்ன திரைகளும் எனக்கு வெறும் வழவழப்பான கண்ணாடி. ஆனாலும் செல்போனைப் பொறுத்தவரை தொடுதிரையே எனக்கு மிகப் பெரிய விடுதலையைக் கொடுத்தது என்பதைச் சொன்னால் பலருக்கு நம்ப முடிவதில்லை.

பட்டன் போனில் எண்களை விரலால் தடவிக் கண்டுபிடிக்கலாம், 5-இன் மேல் சிறு புடைப்பு இருக்கும், அதிலிருந்து மற்றவை தெரியும். ஆனால் திரையில் என்ன எழுதியிருக்கிறது என்பது மட்டும் தெரியாது. 2009-இல் வந்த ஐபோன் 3ஜிஎஸ் போனில் வாய்ஸ்ஓவர் சேர்க்கப்பட்டபோது இந்த நிலை மாறியது. விரலைத் திரையில் மெதுவாக நகர்த்தினால் அடியில் இருப்பதை அது வாசிக்கும், வேண்டியது வந்ததும் இரண்டு முறை தட்டினால் திறக்கும். தொடுவதையும் தேர்ந்தெடுப்பதையும் இப்படித் தனித்தனியாகப் பிரித்ததுதான் இதன் நுட்பம். ஆண்ட்ராய்டு போனில் டாக்பேக் இதே வேலையைச் செய்கிறது, தமிழிலும் வாசிக்கிறது. வலப்பக்கம் ஒரு தள்ளு தள்ளினால் அடுத்தது, இடப்பக்கம் தள்ளினால் முந்தையது என்பதால் இந்தச் சைகைகளுக்குக் கண்ணே தேவையில்லை.

போனை விட்டு வெளியே வந்தால் கதை வேறு. கடையில் அட்டை தேய்க்கும் கருவி பொத்தான்களோடு இருந்தவரை என் ரகசிய எண்ணை நானே அழுத்தினேன். பல கடைகளில் இப்போது முழுக் கண்ணாடியாக வந்துவிட்டது. 5 எங்கே என்று தேடுவதற்குள் விரல் பட்ட இடமெல்லாம் எண்ணாகிவிடும். ‘சொல்லுங்க சார், நான் போட்டுக்கறேன்’ என்கிறார் கடைக்காரர். நல்லெண்ணத்தில்தான் சொல்கிறார், ஆனால் வங்கியில் வாடிக்கையாளரிடம் யாருக்கும் எண்ணைச் சொல்லாதீர்கள் என்று நாள்தோறும் அறிவுறுத்துகிற நான் எப்படிச் சொல்வது? வீட்டு இண்டக்‌ஷன் அடுப்பிலும் இதே நிலைதான்.

2014 ஜூலை முதல் புதிதாக நிறுவப்படும் ஏடிஎம்கள் அனைத்திலும் ஒலி வழிகாட்டலும் பிரெயில் விசைகளும் இருக்க வேண்டும் என்று ரிசர்வ் வங்கி உத்தரவிட்டிருக்கிறது. மின்னணு வாக்குப்பதிவு இயந்திரத்திலும் பொத்தானுக்குப் பக்கத்தில் பிரெயில் எண் உண்டு. அதனால் துணைக்கு ஒருவரை அழைக்காமலேயே வாக்களித்துவிட்டு வருகிறேன். அந்த இயந்திரத்தையும் தொடுதிரையாக்கலாமே என்று யாராவது ஆசையாகப் பேசும்போது எனக்குக் கவலை வருகிறது.

ஓசூரிலிருந்து, வாகன உதிரிபாக ஆலைப் பொறியாளர்

தொடாமலே இயக்கும் சைகையைப் பற்றி யாரும் எழுதவில்லை என்பதால் நான் எழுதுகிறேன். எங்கள் பயிற்சிக்கூடத்தில் பெயின்ட் அடிக்கப் பழகுவதற்குத் தலையில் அணியும் மெய்நிகர்க் (விஆர்) கண்ணாடி ஒன்று வாங்கினார்கள். கேமரா கைகளைப் பார்த்துப் பின்தொடரும். ஒரு கை மற்றொரு கையை மறைத்தால் மறைந்த கை அதற்கு இல்லாமல் போய்விடும், காற்றில் இருக்கும் பொத்தானை அழுத்தினால் அழுத்தியது விரலுக்குத் தெரியாது. பயிற்சிக்கு வந்த தம்பிகள் ஒவ்வொரு முறையும் வேண்டியதைவிட ஆழமாகக் கையை நீட்டினார்கள். கடைசியில் உண்மையான ஸ்பிரே துப்பாக்கியின் பிடியையே சென்சாரோடு கையில் கொடுத்த பிறகுதான் பயிற்சி ஒழுங்காக நடந்தது. இன்னொரு வேடிக்கை, பேசும்போது கையை ஆட்டாமல் நம்மவர்களால் பேச முடியாது. ஒருவர் நண்பருக்கு விளக்கம் சொல்லிக்கொண்டிருந்தபோதே பாதிப் பாடம் முடிந்துவிட்டது.

உடல் அசைவைக் கேமராவால் அறியும் கினெக்ட் என்னும் விளையாட்டுக் கருவியை 2010 நவம்பரில் மைக்ரோசாப்ட் கொண்டுவந்தது; அது முதல் 60 நாட்களில் 80 லட்சம் விற்றது. 2017-இல் உற்பத்தியை நிறுத்தினார்கள். 2019-இல் கூகுளின் பிக்சல் 4 போனுக்குள் ராடாரை வைத்து, மேலே கையை அசைத்தால் பாட்டை மாற்றும் வசதியைத் தந்தார்கள். அது பயன்படுத்திய 60 கிகாஹெர்ட்ஸ் அலைவரிசைக்கு இங்கே அனுமதி இல்லாததால் அந்தப் போன் இந்தியாவுக்கு வரவேயில்லை.

வண்டியைப் பொறுத்தவரை என் கருத்து கடுமையானது. ஓடும் வண்டியில் கண் சாலையை விட்டு விலகாமல் கையால் தடவிப் பிடிக்க முடியாத எதுவும் அவசர வேலைக்கு உதவாது. அமெரிக்கக் கடற்படையின் ஜான் எஸ். மெக்கெய்ன் கப்பல் 2017 ஆகஸ்டில் சிங்கப்பூர் அருகே ஓர் எண்ணெய்க் கப்பலோடு மோதி 10 மாலுமிகள் இறந்தார்கள். சுக்கானையும் வேகத்தையும் தொடுதிரையில் இயக்கும் அமைப்பு மாலுமிகளைக் குழப்பியதும் காரணங்களில் ஒன்று என்று 2019-இல் வந்த விசாரணை அறிக்கை கூறியது, கடற்படையும் அத்தகைய கப்பல்களில் பழையபடி கைப்பிடி விசைகளைப் பொருத்த முடிவு செய்தது. ஐரோப்பாவில் கார்களுக்குப் பாதுகாப்பு மதிப்பெண் தரும் யூரோ என்கேப் அமைப்பும், 2026 முதல் இண்டிகேட்டர், ஹாரன், வைப்பர் போன்றவற்றுக்குக் கையால் உணரக்கூடிய விசைகள் இருக்க வேண்டும் என்று எதிர்பார்க்கிறது. தொப்பூர்க் கணவாயின் மலைப்பாதை வளைவுகளில் இறங்குகிறவர்களுக்கு இதை விளக்கவே வேண்டியதில்லை.

பர்கூரிலிருந்து, மீண்டும்

கிருஷ்ணகிரி சாருக்கு ஒரு யோசனை. எங்கள் பழைய திரையில் ‘ஸ்டார்ட்’, ‘ஸ்டாப்’ கட்டங்களின் விளிம்பில் சிறிய ரப்பர்ப் புள்ளிகளை ஒட்டி வைத்திருக்கிறோம், கையுறை போட்டவர்கூடப் பார்க்காமல் கண்டுபிடிக்கிறார். வீட்டு அடுப்பின் கண்ணாடியில் சூடேறாத பகுதியில், விசைகளுக்குப் பக்கத்தில் அதை ஒட்டிப் பார்க்கலாம். கடையில் வரும் கருவியில் இது உதவாது என்பது எனக்கும் தெரிகிறது. ஓசூர் தம்பிக்கு ஒரு கேள்வி: ஈரக் கையுறையிலும் வேலை செய்யும் மின்தேக்கத் திரைகள் வந்திருப்பதாக விற்பனையாளர் சொல்கிறார். உங்கள் ஆலையில் கூலண்ட் எண்ணெய் தெறிக்கும் இடத்தில் யாராவது அதைப் பயன்படுத்துகிறார்களா? புது லைனுக்கு விலைப்பட்டியல் கேட்டிருக்கிறோம், அழுத்தத்துக்கும் வேகத்துக்கும் திருகு குமிழ், மற்றதற்குத் திரை என்று எழுதிக் கொடுத்திருக்கிறேன்.